மூன்று ஷிப்டுக்கும் தெரிந்த கொலைகாரன்

பழைய துப்பறியும் நாவல்களின் மேல் உள்ள மரியாதையில் நானும் ஒன்று எழுதினேன். ஏரி உடைந்து சாலை துண்டிக்கப்பட்ட ஒரு பங்களா, சில விருந்தாளிகள், ஒரு பிணம். தடயங்களை வாசகரின் கண்ணெதிரே வைத்துவிட்டு, கொலைகாரனைக் கடைசி அத்தியாயம்வரை மறைக்க வேண்டும். மறைத்திருக்கிறேனா என்பது எழுதிய எனக்குத் தெரியாது. முடிவு தெரியாத மூன்று பேர் படித்துத் தனித்தனியாகச் சொல்லட்டும், பிறகு அச்சுக்கு என்றார் பதிப்பாளர்.

பிள்ளைப்பாக்கத்தில் என் மாடியில் வாடகைக்கு இருக்கும் மூவரும் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலை, ஒரே லைன், ஆளுக்கொரு ஷிப்ட். கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, திருநெல்வேலிக்காரரிடம் பிரதியைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அடுத்த ஷிப்டுக்காரரிடம் அதை நீட்டினார். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"கொன்னது சமையக்காரந்தாம்ல. பாத்துப் படி."

"முடிவே உங்ககிட்ட இல்லையே, தம்பி. அவர்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"ஹேண்ட் ஓவர்லா சார். லைன்ல எது பழுதுன்னு அடுத்த ஷிப்டுகிட்ட மறைச்சா சூப்பர்வைசர் சும்மா விடுவாரா? சந்தேகம்னு இழுக்கவும் கூடாது. இன்னதுன்னு சொல்லிரணும்."

வாங்கிக்கொண்ட காஞ்சிபுரத்துக்காரர் என்னைச் சமாதானப்படுத்தினார். "இதுல இன்னா சார் கீது? ஆள் தெரிஞ்சா நிம்மதியா படிச்சிகினு போலாம்."

அவரும் மூன்றாமவருக்கு அதையே ஒப்படைத்தார். மூவரும் சமையல்காரன் என்றே முடித்தார்கள். கடைசி அத்தியாயத்தைக் கொடுத்தேன். கொலைகாரர் டாக்டர். மாடிப்படியில் உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்ற இருவரும் கேட்டார்கள்.

"மூணு ஷிப்டும் ஓகே பண்ணது சார்," என்றார் காஞ்சிபுரத்துக்காரர். "நீங்கதான் ரீவொர்க் பண்ணணும்."

பதிப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். "மூணு பேரும் ஏமாந்துட்டாங்களா? பிரமாதம்," என்றார். ஒரே வாயிலிருந்து கிளம்பிய செய்தியை மூன்று நிருபர்கள் அனுப்பினாலும் அது ஒரு செய்திதான். முதல்வர் சொன்னதைத்தான் மற்ற இருவரும் திருப்பிச் சொன்னார்கள் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். "அப்ப இன்னும் ரெண்டு பேரைப் பிடிங்க."

எதிர்வீட்டு வாடகை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். வாரக் கடைசியில் பிரதியோடு போனேன். கதவைத் திறந்தவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"டாக்டர் கதைதானே சார்? முதல்ல சமையல்காரன்னு தப்பா சொல்லிட்டாங்களாம். நேத்து கம்பெனி பஸ்ல எல்லார்கிட்டயும் திருத்திச் சொல்லிட்டாங்க."