இரும்பு ஆகாத தோப்பு

கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. முங்கிப் பார்ப்பதில்லை. கப்பலில் இரண்டு கருவிகள் போகும். ஒன்று பூமியின் ஈர்ப்பை அளக்கும். கனத்த பாறை மேலெழுந்து கிடக்கும் இடத்தில் ஈர்ப்பு மயிரிழை கூடும். மணலும் களிமண்ணும் நிரம்பிய பள்ளத்தில் குறையும். இன்னொன்று கப்பலுக்குப் பின்னால் நீளக் கயிற்றில் இழுபட்டு வந்து காந்தப்புலத்தை அளக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் கடல் தரைக்குக் கீழே பழம்பாறை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று ஊகிக்கிறோம். ஊகம்தான். அறிக்கையில் அந்தச் சொல்லைப் போட்டால் மேலதிகாரிக்குப் பிடிக்காது.

மன்னார் வளைகுடாவில் கப்பல் ஓடியபோது எனக்குக் கரையில் வேலை. சூரியனால் பூமியின் காந்தப்புலம் பகல் முழுக்கக் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். அதைத் தரையில் ஓரிடத்தில் பதிவு செய்து கப்பலின் அளவிலிருந்து கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் வெயில் செய்த வேலையைப் பாறை செய்ததாக எழுதிவிடுவோம். அந்தத் தரைக் கருவிக்குப் பக்கத்தில் இரும்பு, கரண்டு கம்பி, ரயில், லாரி எதுவும் ஆகாது. கடற்கரை நெடுகத் தேடிச் சலித்து, கடைசியில் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே வந்து, மம்சாபுரத்துக்கு மேற்கே அக்கா வீட்டுத் தென்னந்தோப்பின் கோடியில் கருவியை நட்டேன்.

அத்தான் ராஜபாளையத்து மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பக்கவாதம் வந்து, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பேச்சு குழறியது, நக்கல் மட்டும் குழறவில்லை.

"கடலப் பாக்க வந்தவன் தென்ன மரத்தடியில உக்காந்திருக்கான். இவனுக்குச் சம்பளம் வேற குடுக்காவ."

அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல் நாள் காலையில் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, கப்பல் ஓடி முடியுற வரைக்கும் இந்தப் பக்கம் இரும்பே வரக் கூடாது. வந்தா அம்புட்டும் பாழ்."

அதட்டித்தான் சொன்னேன். தோப்பு ஆட்கள் மண்வெட்டியோடு குறுக்கே நடந்துவிடுவார்கள் என்ற கடுப்பு எனக்கு. அக்காவோ எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெலுங்குக்காரர் வீட்டுக்குப் போயின. தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளைக்கூடக் கழற்றிவிட்டாள். சிரித்தேன். "தம்பி வேலைல்லா" என்றாள்.

அவற்றோடு அரிவாள் ஒன்றும் போனது. அது அப்போது எனக்குத் தெரியாது. அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, காத்து கருப்பு அண்டாமல் இருக்க, அவர் கட்டிலுக்கு அடியில் அவள் வைத்த அரிவாள் அது.

தினமும் சாப்பாடு போடும்போது கேட்பாள். "கப்பல் எப்பலே நிக்கும்?"

"கடல்ல காத்து அதிகமாம். இன்னும் கொஞ்ச நாளுக்கா."

இவளுக்கு என்ன அவசரம் என்று எரிச்சல்கூடப் பட்டேன்.

ஒரு மத்தியானம் கருவியின் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாயின் பேட்டரிக் கடைக்குப் போயிருந்தேன். அத்தானுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. கடைக்காரரே தன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். அதற்குள் முடிந்திருந்தது.

தெலுங்குக்கார அம்மாதான் நடந்ததைச் சொன்னார். அத்தானுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அக்கா அரிவாளை வாங்க வாய்க்காலைத் தாண்டி ஓடியிருக்கிறாள். வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது மூச்சு நின்றிருந்தது. அந்தக் கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கட்டிலுக்கும் கருவிக்கும் நடுவே வீடு இருந்தது, கிணறு இருந்தது, தோப்பு முழுக்க இருந்தது. பத்து அரிவாளைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தாலும் கருவிக்குத் தெரிந்திருக்காது. இதை அன்றும் அக்காவிடம் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். துக்கத்துக்கு வந்தவர்களின் வேனும் பைக்கும் தோப்புக்குள்ளேயே நின்றன. அன்றைய பதிவு முழுக்கக் கெட்டது. கப்பல் அதே பாதையில் இன்னொரு நாள் திரும்ப ஓடியது, அவ்வளவுதான். ஒரு நாளைத் திரும்ப ஓட்டிக்கொள்ள முடிகிற வேலை என்னுடையது என்று நினைத்து அன்றைக்கு அழுதேன்.

கருமாதி முடிந்து உறவெல்லாம் போன பிறகு, கருவியைப் பிடுங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏலே, நான் அந்த அரிவாள எடுக்காம இருந்திருந்தா அவிய இருந்திருப்பாவளோ?"

"இல்லக்கா. இரும்புல ஒண்ணும் கிடையாது. அதுக்கு அப்படி ஒரு சக்தியும் இல்ல. நீயா மனசப் போட்டு வதைக்காத."

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்போ உன் மெஷின் எதுக்குலே அதக் கண்டு பயந்துச்சு?"