பச்சையாக நின்ற ஒரு கொச்சிக்காய்ச் செடி

“டீச்சர், எங்கட தோட்டத்தில வைரஸ் வந்து கொச்சிக்கா எல்லாம் சுருண்டு பெய்த்து. ஒண்டு மட்டும் எப்பிடி பச்சயா ஈக்கிது?”

பத்தாம் வகுப்பில் ரிஸானா கேட்டாள். “அதிர்ஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவளுடைய வாப்பாவுக்கு அந்த வருடம் மிளகாய் விளைச்சலே இல்லை.

இன்று அக்குறணை பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அவளேதான். இப்போது பயிர் ஆராய்ச்சியில் இருக்கிறாள்.

“அதிர்ஷ்டம் இல்ல டீச்சர், மரபணு! எந்த இடத்தில ஈக்கிதெண்டு இந்தக் கிழமதான் புடிச்சோம்!”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் செடியின் விதையை வாப்பா வருடந்தோறும் போட்டு வந்தாராம். அதை நோய் தாங்காத இனத்தோடு கலந்து, அதில் பிறந்த பேரப்பிள்ளைச் செடிகளுக்கு வேண்டுமென்றே வைரஸைக் கொடுத்தார்களாம். தப்பியவற்றில் எல்லாம் இருந்த ஒரே மரபணுத் துண்டைத் தேடினார்களாம். பிந்தி வந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்திருந்தால் காரணம் தெரிந்துவிடும் அல்லவா, அப்படித்தான்.

“வாப்பாட்ட சொன்னியா?”

“முதல் போன் கோல் அவருக்குத்தான். ‘டீச்சருக்கும் மறக்காம சொல்லு’ண்டாரு.”

என் விடை திருத்தப்பட்டுவிட்டது. பஸ்ஸிலேயே அவளுக்கு நூறு புள்ளி போட்டேன். எனக்கு எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள்.

பாத்தி முழுக்கச் சுருண்டபிறகும் பச்சையாக நிற்கும் செடியைக் கண்டால், ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்து, அதன் விதையை எடுத்து வையுங்கள்.