ஒப்பிக்கக் கேட்டவர்

வாழையிலையை நறுக்கும்போது சுடலைக்கண்ணனின் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். மாட்டுங்காவில் கோயிலுக்குப் போகிற வழியில் இலை வாங்க நிற்பவர்கள், மனிதர் ஏதோ ஸ்லோகம் சொல்கிறார் என்று நினைத்து, முடிகிற வரை பேச்சுக் கொடுக்காமல் காத்திருப்பதும் உண்டு. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் விஷயம் தெரியும். "வட்டத்தின் மையத்தையும் வட்டத்தின் மேலுள்ள ஒரு புள்ளியையும் இணைக்கும் கோட்டுத்துண்டு ஆரம். வட்டத்தின் மேலுள்ள இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டு நாண். மையத்தின் வழியாகச் செல்லும் நாண் விட்டம்." விட்டத்துக்கு வருவதற்குள் பத்து நுனியிலை அடுக்கிவிடுவார்.

நாங்குநேரிப் பக்கம், இங்கிலீஷ் வாத்தியாரே இல்லாத பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு ரயிலேறியவர். வயது நாற்பத்தெட்டு. தாராவியில் ஒற்றை அறையும் மேலே ஒரு பரணும் சேர்ந்தது வீடு. விடியுமுன் சந்தையில் இலைக்கட்டு எடுத்து, ஈரக் கோணியில் சுற்றி, எட்டு மணிக்குள் மாட்டுங்கா வந்துவிடுவார். வாடிக்கைக்காரர்கள் இலையில் நகம் வைத்தால் அவருக்குப் பிடிக்காது. கிழிசல் கண்ணில் பட்டால் அந்த இலையைத் தனியே எடுத்துப் போட்டுவிடுவார். சின்னக் கிழிசல்தானே, உள்ளே சொருகிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பக்கத்துப் பூக்கடைக்காரர் கேட்டால், "கிழிஞ்சத நல்லதுன்னு குடுக்கப்படாதுல்லா. அது பொய்யில்லா" என்பார். இலை விஷயத்தில் அவரை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

மனைவி விஜயலட்சுமி இரண்டு வீடுகளில் சமையல் வேலை முடித்துத் திரும்ப எட்டு மணியாகும். அதனால் மாலை ஆறிலிருந்து ஏழு வரை வீட்டில் அப்பாவும் மகளும்தான். மகள் இசக்கிப்ரியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். இவர் சம்மணம் போட்டு, புத்தகத்தை மடியில் விரித்து, கட்டைவிரலை வரிக்கு அடியில் வைத்துக்கொள்வார். அவள் ஒப்பிப்பாள், விரல் நகரும். மூன்றாம் வகுப்பில் தொடங்கிய வழக்கம் இது. முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் அவள் படித்த எட்டாம் வகுப்பு வரை, காய்ச்சல் நாளைத் தவிர ஒரு நாளும் தவறியதில்லை.

செய்யுளில் ஒரு சீர் போனால் விட்டுவிடுவார். வடிவியலில் விடமாட்டார். "ஏளா, 'ஒரே தளத்தில்'ங்கத முழுங்கிட்ட. அது இல்லன்னா இணைகோடே இல்ல. திருப்பிச் சொல்லு." அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிச் சொல்வாள். எல்லாம் ஒழுங்காக வந்தால் "சரி" என்பார். அந்த ஒரு சொல்தான் பாராட்டு. அவர் சரி என்று சொல்லிப் பள்ளியில் தப்பான விடை ஒன்றுகூட இல்லை என்பதால், அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு அவள் புத்தகத்தை மூடிவிடுவாள். நாள் முழுக்க வெயிலில் இலையோடு நிற்கிற மனிதருக்கு, அந்த ஒரு மணி நேரம்தான் நாள். படிப்பை விட்டதில் இருந்த வருத்தமெல்லாம் அதில் கரைந்துபோயிற்று என்றுகூடச் சொல்லலாம்.

எட்டாம் வகுப்போடு தமிழ் வகுப்பு முடிந்தது. போன ஜூனில் சயானில் உள்ள ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இடம் கிடைத்தது. ஒரு நிபந்தனையின் பேரில்தான் கொடுத்தார்கள். அக்டோபர் பரீட்சையில் கணக்கில் தேறாவிட்டால், பெண் மறுபடி எட்டாம் வகுப்பில் உட்கார வேண்டும். முதல் வாரமே கணக்கு டீச்சர் ஷைஸ்தா, தமிழிலும் இந்தியிலும் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்காக வடிவியல் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் விளக்கம். மொத்தம் நாற்பது. மணி அடிப்பதற்குள் எழுத வேண்டுமே என்ற அவசரத்தில், முதலில் பெயர்களை எழுதிவிட்டு விளக்கங்களை எழுதிய இசக்கி, தொடக்கத்திலேயே ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டாள். அதற்குக் கீழே இருந்த ஒவ்வொரு பெயருக்கும் அடுத்த பெயரின் விளக்கம் வந்து உட்கார்ந்தது. கடைசிப் பெயருக்கு விளக்கம் இல்லாததை, மணி அடித்ததில் விட்டுப்போனது என்று நினைத்துக்கொண்டாளே தவிர, அவளுக்கு அது தெரியவில்லை. சொல்லும் புதிது, விளக்கமும் புதிது.

அன்று ஆறு மணிக்கு நோட்டை அப்பாவிடம் நீட்டிவிட்டு, "இங்கிலீஷ்லலா இருக்கு, ஒங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள்.

தெரியாது என்ற சொல் அவருக்கு வாய் வரை வந்தது. சொன்னால் அவள் நோட்டை வாங்கிக்கொண்டு வேறு யாரிடமாவது போய்விடுவாள். ஆறு மணிக்கு அவர் என்ன செய்வார்?

"எழுத்துக் கூட்டி வாசிச்சிருவேன். நீ சொல்லு தாயி."

அவ்வளவுதான். ஒரே ஒரு பொய். ஆனால் அதைத் தினமும் மாலையில் காப்பாற்ற வேண்டியிருந்தது. குரல் ஓடுகிற வேகத்துக்குக் கட்டைவிரலை ஓட்டினார். ஓரத்தில் அவள் போட்டிருந்த படங்களை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். அவள் தடுமாறினால் "திருப்பிச் சொல்லு" என்றார். தடுமாறாமல் சொன்னால் "சரி" என்றார். அவள் நாளுக்கு நாள் தடுமாறாமல் சொன்னாள். அப்பாவுக்காக மட்டுமில்லை, எட்டாம் வகுப்புக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பதற்காகவும் உயிரைக் கொடுத்து நெட்டுருப் போட்டாள். தப்பை இவ்வளவு பாடுபட்டு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார் என்றும் சொல்ல முடியாது. செப்டம்பரில் ஒரு காலை, நோட்டை மகளுக்குத் தெரியாமல் எடுத்து வந்து இலைக்கட்டுக்கு அடியில் வைத்திருந்தார். வாரம் இரண்டு நாள் இலை வாங்க வரும் ஷ்யாமளா மாமி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நோட்டை எடுத்து நீட்டினார். மாமி அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "என்ன சுடலை, பரீட்சைக்கு நீங்களே உட்காரப் போறேளா?" என்றார். விளையாட்டாகக் கேட்டதுதான், அதில் விஷம் இல்லை. ஆனாலும் இவருக்கு முகம் சுண்டிவிட்டது. சும்மாதான் மாமி என்று சொல்லி நோட்டை வாங்கிக் கோணிக்கு அடியில் வைத்துவிட்டு இலை எண்ணத் தொடங்கினார். பிறகு ஒருவரிடமும் கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கணக்கில் நாற்பதுக்கு ஆறு.

ஷைஸ்தா டீச்சர் விடைத்தாளை மேசைமேல் விரித்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல், கோடு போட்டு, முத்து முத்தான எழுத்து. இத்தனை தைரியமாகத் தப்பு எழுதிய பிள்ளையை இதுவரை பார்த்ததில்லை என்று இந்தியில் சொன்னார். நோட்டை வாங்கிப் புரட்டியதும் ஒரு நிமிடத்தில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. சிவப்புப் பேனாவால் ஒரு வரியைத் தொட்டு, இது வேறு, இது வேறு, ஐந்து மாதமாக இதை யாருமே பார்க்கவில்லையா என்று இசக்கியைக் கேட்டார்.

"பப்பா நே ரோஸ் சுனா, மேடம்" என்றாள் இசக்கி. அப்பா தினமும் கேட்டார். "கலத் ஹோத்தா தோ பப்பா போல்தே." தப்பாயிருந்தால் அப்பா சொல்லியிருப்பார். தப்பு நோட்டில் இருக்க முடியாது, டீச்சர்தான் மறுபடி பார்க்க வேண்டும் என்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னாள்.

சுடலைக்கண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். "மேடம், முஜே அங்க்ரேஜி நஹி ஆத்தா. ஏக் அக்ஷர் பி நஹி."

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பதை அப்பாவின் வாயால் அவள் கேட்டது அப்போதுதான். திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் டீச்சரின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டீச்சருக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தணித்து, அந்த வரியை அவருக்கே விளக்கத் தொடங்கினார். இரண்டு கோணங்களை வரைந்து, சேர்த்துக் காட்டி, காம்ப்ளிமென்டரி என்றால் கூட்டல் நப்பே, தொண்ணூறு, உங்கள் மகள் நூற்றெண்பது என்று எழுதியிருக்கிறாள் என்றார். படத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நிரப்புக் கோணம். தமிழில் அவள் இப்படி ஒரு தடவை மாற்றிச் சொல்லியிருந்தால், தூக்கத்தில்கூடத் திருத்தியிருப்பார். டீச்சர் இசக்கிக்காக முதல்வரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தார். நிபந்தனை நிபந்தனைதான் என்று பதில் வந்தது. தீபாவளி விடுமுறை முடிந்ததும் இசக்கி எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். வகுப்பிலேயே உயரமான பெண் என்பதால் கடைசி பெஞ்சு.

பள்ளியில் கூப்பிட்ட அன்று சயானிலிருந்து தாராவிக்கு நடந்தே வந்தார்கள். சிக்னல் தாண்டிய பிறகு அவள்தான் கேட்டாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாப்பா. நான் வேற யாருட்டயாவது கேட்டிருப்பம்லா."

நீ வேறு யாரிடமாவது போய்விடுவாய் என்றுதான் சொல்லவில்லை. அதுதான் பதில். பெற்ற பிள்ளையிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? அவர் அவள் பையை வாங்கக் கையை நீட்டினார். அவள் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

விஜயலட்சுமி விஷயம் கேட்டு ஒரு நாள் முழுக்கத் திட்டினாள், மறுநாள் அழுதாள். இசக்கி இரண்டும் செய்யவில்லை. ஆறு மணியானால் திருத்திய நோட்டைப் பரணில் வைத்து, சுவரைப் பார்த்து நின்று தனக்குத்தானே ஒப்பிக்கிறாள். சுடலைக்கண்ணன் அதற்கு முன்பே மீந்த இலைகளை அள்ளிக்கொண்டு சந்துக்கு வந்துவிடுகிறார். கூப்பிடுவதா வேண்டாமா என்று பிள்ளை தடுமாற வேண்டாம் பாருங்கள். வாளித் தண்ணீரில் ஒவ்வோர் இலையாகக் கழுவித் துடைக்கிறார். நாளைக்கு விற்கிற இலைக்கு இவ்வளவு கழுவல் தேவையே இல்லை. உள்ளேயிருந்து வருகிற ஆங்கிலம் நிற்காமல் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்ற எதையும் அதிலிருந்து அவரால் எடுத்துக்கொள்ள முடியாது.

போன வியாழக்கிழமை அது நின்றது.

"காம்ப்ளிமென்டரி ஆங்கிள்ஸ்" என்று தொடங்கியவள் அதற்கு மேல் போகவில்லை. நாற்பதில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அது. இசக்கி மறுபடியும் அதையே சொன்னாள். இந்தத் தடவை குரல் சுவரில் மோதி வரவில்லை. வாசல் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. அப்போதும் அவள் அடுத்த சொல்லுக்குப் போகவில்லை.

தொண்ணூறு என்பது நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சுடலைக்கண்ணன் இலையை வாளியில் விட்டுவிட்டு, தெரியாமலே 'சரி' சொல்லிவந்த வாயை ஈரக் கையால் பொத்திக்கொண்டார்.