வீக்கத்தைக் கொழுப்பு என்றார்கள்

ஹுவாய் ஆற்றங்கரைச் சிற்றூர் மருத்துவமனையில் யூச்சின் இருபது வருடமாக நர்ஸ். அந்தக் குளிர்காலத்தில், முகம் உப்பிக் கைகால் சூம்பிய குழந்தைகள் இரண்டு அவள் கண்முன்னே இறந்திருந்தன. மூன்றாவதைச் சாய்ஷியா என்ற இளம் தாய் தூக்கிவந்தாள். ஐந்து மாதப் பிள்ளை, தோதோ. அவள் செங்கல் சூளை வேலைக்குப் போகத் தொடங்கியதும் தாய்ப்பால் வற்றிவிட்டது.

"கொழுகொழுன்னு இருக்கான்னு எல்லாரும் கன்னத்தைக் கிள்ளினாங்க அக்கா. ரெண்டு நாளா அழக்கூட மாட்டேங்கறான்."

யூச்சின் பிள்ளையின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"கொழுப்பா இது? நீர் கோத்திருக்கு. பட்டினி கெடந்த பிள்ளைடீ இது!"

"வேளாவேளைக்குப் பவுடர் பால் குடுத்தேனே!"

முதலில் சர்க்கரைத் தண்ணீர். பிறகு இரண்டு மணிக்கொருமுறை கரண்டியால் கொஞ்சம் நல்ல பால். நடுவில் தாயின் மார்புச்சூடு. ஆசை தாளாமல் சாய்ஷியா புட்டி நிறையக் கலக்கியபோது யூச்சின் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரேயடியா ஊத்தினா இதயம் நின்னுடும்!"

ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்தது. உள்ளேயிருந்து எலும்பும் தோலுமாக வேறொரு முகம் வெளிவந்தது. சாய்ஷியா அலறினாள்.

"என் பிள்ளையை என்ன பண்ணீங்க?"

"இதுதான் உன் பிள்ளை. இத்தனை நாள் நீ கொஞ்சினது வெறும் தண்ணியை."

சாய்ஷியா கொண்டுவந்திருந்த பால்மாவுப் பையை எடுத்துக்கொண்டு, சந்தை கூடும் நேரத்தில் அதை விற்ற பாங் என்பவனின் கடைக்குப் போனாள் யூச்சின். மாவைக் கரைத்து, ஆறவிட்டு, எல்லார் முன்னாலும் அயோடின் சொட்டினாள். பால் கருநீலமானது.

"கஞ்சிமாவுய்யா இது! நெசப் பால்னா நெறம் இப்படி மாறாது."

"டவுன்லேர்ந்து வர்ற சரக்கு. பையில அரசாங்க முத்திரை இருக்குல்ல?" என்றான் பாங்.

"முத்திரையைத் தின்னா பிள்ளை வளரும்? உன் பேரனுக்கு இதைத்தான் குடுத்தியா?"

பாங் மேல்தட்டிலிருந்த விலையுயர்ந்த டப்பாக்களைப் பார்த்தான். கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள்.

கடையிலிருந்த மிச்சப் பைகளை யூச்சின் மூட்டை கட்டி, அரசு வணிக அலுவலகத்து மேஜையில் கொட்டினாள்.

"வாங்கின ரசீது இருக்கா?" என்றார் அதிகாரி.

"ரெண்டு பிள்ளையைப் பொதைச்சிருக்கோம். அதுக்கும் ரசீது வேணுமா?"

கடையைப் பூட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் திறந்தார்கள். மாவைச் செய்தவன் அகப்படவே இல்லை. மருத்துவமனையின் பெயரைக் கெடுத்ததாக யூச்சினை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

தோதோ பிழைத்தான். பத்தாம் மாதம் தானாக உட்கார்ந்தான். அந்த இரண்டு குழந்தைகளின் வீடுகளுக்குப் போய்ச் சொல்ல ஒரு வார்த்தையும் யூச்சினுக்குக் கிடைக்கவில்லை. பாங்கின் கடையைத் தாண்டும்போது மட்டும் நின்று, வாய் வலிக்கும்வரை திட்டிவிட்டுத்தான் போகிறாள்.