தயிர்க்கடையில் ஒரு தூக்கம்

போன ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. தெமோதரைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு வான் பிடித்து கதிர்காமம், தேவேந்திரமுனை வெளிச்சவீடு, காலிக் கோட்டை என்று சுற்றக் கிளம்பினோம். ஒரு வானில் நானும் என் வீட்டுக்காரரும் மகளும், அவர் அம்மாவான மாமியும். மற்றதில் கொழுந்தனார் குடும்பமும் பக்கத்து லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்களும்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை வரை கொழுந்து பறித்துவிட்டு வந்துதான் புளிச்சோறு கிளறினேன், ரொட்டி சுட்டேன். அந்த அலுப்போடுதான் வானில் ஏறினேன். கதிர்காமத்தில் எல்லோரும் மாணிக்க கங்கையில் குளித்தபோது நான் உடுப்புகளுக்கும் செருப்புகளுக்கும் காவல். காலிக் கோட்டை மதிலில் மற்றவர்கள் படம் எடுத்தபோது, கால் வலிக்கிறது என்ற மாமியோடு கீழே மரநிழலில் இருந்தேன். கடல் இரைவது மட்டும் கேட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. “நீங்க போங்க, நான் இருக்கேன்” என்று ஒவ்வோர் இடத்திலும் நானேதான் சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

திரும்பி வரும்போது தனமல்விலயில் ஒரு தயிர்க்கடை ஓரம் வான்களை நிறுத்தினார்கள். மூன்று வயது மகள் அப்போதுதான் என் மேலேயே வாந்தி எடுத்திருந்தாள். அவளைக் கொழுந்தனார் மனைவியிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த குழாயில் அவள் சட்டையையும் என் சேலைத் தலைப்பையும் அலசினேன். முன்னால் வந்து பார்த்தால் இரண்டு வானையும் காணோம்.

பிள்ளையோடு கொழுந்தனார் வானில் இருப்பேன் என்று எங்கள் வானில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். புருஷனோடு எங்கள் வானில் இருப்பேன் என்று கொழுந்தனார் வானில் இருந்தவர்கள். என் போன் வானிலிருந்த பைக்குள். கையில் ஈரச் சட்டை மட்டும்தான் இருந்தது.

கடைக்காரி என் வயதுதான் இருப்பார், சிங்களப் பெண். எனக்குச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் வரும். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். உடனே தன் போனைக் கொடுத்தார். வீட்டுக்காரரின் போன் அணைந்திருந்தது. படம் எடுத்தே சார்ஜ் தீர்ந்திருக்கும். வேறு யார் இலக்கமும் எனக்கு மனப்பாடம் இல்லை.

ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். பயத்தைவிட, இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட என் நினைப்பு வரவில்லையே என்பதுதான் வலித்தது. அழுதுவிட்டேன்.

“பயம் வேணாம். வருவாங்க” என்றார் அவர், தெரிந்த கொஞ்சத் தமிழில். பால் சேர்க்காத பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் தந்தார். குடித்து முடிப்பதற்குள் என் தலை தொங்கியதைப் பார்த்திருக்க வேண்டும். எழுப்பி உள்ளே கூட்டிப்போய்ப் பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டார். “மாட்டேன்” என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறி எழுந்து வெளியே ஓடினேன். இரண்டு வானும் முற்றத்தில் நின்றன. எல்லோரும் மரத்தடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் மடியில் மகள்.

வெல்லவாயாவில் மாமி மாத்திரை கேட்டபோதுதான் நான் இல்லாதது தெரிந்ததாம். அலறியடித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆனால் கடைக்காரி வாசலில் குறுக்கே நின்று, “நிதாகன்ன தென்ன” என்று யாரையும் உள்ளே விடவில்லையாம். தூங்க விடுங்கள் என்று அர்த்தம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தானும் போய் உட்கார்ந்துகொண்டாராம்.

“எழுப்பியிருக்கலாமே?” என்றேன்.

“வாயத் தொறந்து தூங்கிக்கிட்டு இருந்தே. உன்னை அப்படி நான் பார்த்ததே இல்ல” என்றார். அவர் குரல் சரியாக இல்லை.

மாமிதான், “முடியலன்னா சொல்ல வேண்டியதுதானே, தாயி” என்றார். நான் கடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, வேறு யாருக்கோ தயிர்ச் சட்டி எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். எல்ல மலை ஏறும்போது மகள் மறுபடி வாந்தி எடுத்தாள். இந்த முறை வீட்டுக்காரர் சட்டையில். அவரே துடைத்தார்.

கோட்டை எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால், நான் வாய் திறந்து கேட்காததை, என் பாஷைகூடச் சரியாகத் தெரியாத ஒருத்தி பார்த்துக் கொடுத்தாள் என்பதை மறக்க முடியவில்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டிலாவது ஒரு பெண் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தால், எழுப்ப வருகிறவர்களுக்குக் குறுக்கே என்னை அறியாமலே நான் போய் நின்றுவிடுகிறேன்.