அரை நிமிடத் தீர்க்கதரிசி

எங்கள் தெருவில் பலராமன் பேச்சை யாரும் கேட்டதில்லை. அரசு அலுவலகம் ஒன்றின் தபால் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டில் அவர் வாயைத் திறந்தால் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சரியாக அப்போதுதான் போன் வரும். மனைவி கமலா மட்டும் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, "செரி, போய் மாவு அரைச்சிக்குனு வாங்க" என்பார். இப்படிப்பட்ட மனிதரை ஒரே ஒரு உலகக் கோப்பைத் தொடரில் தீர்க்கதரிசியாக்கிய பெருமை எங்களைச் சேரும்.

பலராமன் வீட்டு முன்பகுதியில் சிலம்பரசன் மொபைல் கடை வைத்திருக்கிறான். கடை வாசலில் பெரிய டிவி, அதில் படம் வருவது இன்டர்நெட்டில். தெருவே அங்கே நின்றுதான் மேட்ச் பார்த்தது. இன்டர்நெட்டில் வரும் பந்து, மைதானத்தில் போட்டு அரை நிமிடம் கழித்துத்தான் வரும் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இத்தனைக்கும் பாதிப் பேர் இன்ஜினியர்கள்.

பக்கத்து வீட்டு மாடியில் தனிஸ்லாஸ் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. அவர் வீட்டில் பழைய டிஷ். அதில் எல்லாம் முந்தி வந்துவிடும். நம் ஆள் சிக்ஸ் அடித்தால் "ஊலாலா!" என்பார். ஃபோர் என்றால் "பிராவோ!". அவுட் என்றால் "மெர்து!". கடைசி வார்த்தை சர்ச்சுக்குள் சொல்லக்கூடியதல்ல. கடை டிவி அலறலில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்து, சொல்தா வழக்கம்போல் மனைவி ஸ்டெல்லாமேரியைத் திட்டுகிறார் என்று நாங்கள் இருந்துவிட்டோம். மாடிக்கு நேர் கீழே, சந்து முனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பலராமனுக்கு மட்டும் விஷயம் பிடிபட்டது.

முதல் மேட்சில் சும்மா சொல்வதுபோல், "இப்ப ஒரு சிக்ஸ் பாரு" என்றார். பந்து பறந்தது. "இவன் தேற மாட்டான்" என்றார். ஸ்டம்ப் பறந்தது. மூன்றாவது மேட்சில் யாரும் டிவியைப் பார்க்கவில்லை, பலராமன் வாயைத்தான் பார்த்தோம். அரையிறுதிக்குள் அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் பெண்ணின் ஜாதகத்தோடு வந்தார். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஆபரேஷன் நல்லபடியாக முடியுமா என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். எல்லோருக்கும் அவர் பழக்க தோஷத்தில் "அரை நிமிசம் இருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அதையும் ஏதோ மந்திரம் என்று நம்பினோம்.

கமலாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். "சொல்தா ஒரு நாளு வாய மூடிக்குனா உங்க பொழப்பு என்னா ஆவுறது?" என்று கேட்டார்.

"அவராவது வாய மூடறதாவது" என்றார் பலராமன்.

இறுதிப் போட்டி வந்தது. வராத உள்ளாட்சித் தேர்தலுக்காக வருடக்கணக்கில் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கும் அரிகிருஷ்ணன், தெருமுனையில் மேடை போட்டு, சிலம்பரசனின் அதே இன்டர்நெட்டில் எல்இடி திரை வைத்தார். மேடை நடுவில் பலராமனுக்குச் சிங்காசனம் மாதிரி ஒரு கல்யாண நாற்காலி, தோளில் பொன்னாடை. "நான் சந்துலயே உக்காந்துக்கறேம்பா" என்று அவர் கெஞ்சியது தன்னடக்கமாகப் பாராட்டப்பட்டது.

அதைவிடப் பெரிய இடி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. சாட்சாத் தனிஸ்லாஸ். "முசே பலராமன், நீங்க எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடறீங்களாமே! அதப் பாக்கத்தான் டிவிய வுட்டுட்டு வந்தேன்" என்று கையைக் குலுக்கினார். அந்த நிமிடம் பலராமனைப் பார்க்க எனக்கே பாவமாகத்தான் இருந்தது. வியர்வையில் பொன்னாடைச் சாயம் சட்டையில் இறங்கியது. கேட்டபோதெல்லாம் "ஆட்டம் சூடு பிடிக்கும்" "பொறுமையா பாக்கணும்" என்று வாரபலன்போலச் சொல்லி ஒப்பேற்றினார். ஜனம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கமலாவுக்குப் புருஷன் முகம் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று தனிஸ்லாஸ் வீட்டு மாடி ஏறினார். அங்கே ஸ்டெல்லாமேரி, கணவர் இல்லாத விடுதலையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, கடைசி ஓவர் மட்டும் வையுங்கக்கா, எங்க வூட்டுக்காரரு மானம் போவுது" என்று கெஞ்சி, சேனலை மாற்றவைத்தார். மேடையிலிருந்து பார்த்தால் அந்தப் பால்கனி நேராகத் தெரியும். கமலா அங்கே வந்து நின்றதும் பலராமனுக்கு உயிர் வந்தது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதற்கெல்லாம் முன்னேற்பாடு தேவையில்லை.

கடைசிப் பந்து. நான்கு ரன் அடித்தால் கோப்பை. திரையில் பவுலர் இன்னும் ஃபீல்டரை நகர்த்திக்கொண்டிருந்தான். அரிகிருஷ்ணன் மைக்கை நீட்டினார். "தீர்க்கதரிசி அண்ணன் சொல்லுவாங்க!"

பலராமன் பால்கனியைப் பார்த்தார். கமலா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினார்.

பிறகு அவர் எங்களைப் பார்த்தார். சின்னப் பிள்ளைகள் முதல் கிழங்கட்டைகள் வரை எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். பக்கத்தில் தனிஸ்லாஸ் ஜபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஃபோர்" என்றார் பலராமன். "ஜெயிச்சிட்டோம்."

பவுலர் ஓடி வருவதற்குள் தெரு ஜெயித்துவிட்டது. பட்டாசைக் கொளுத்தினார்கள். பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தனிஸ்லாஸ் "பிராவோ! பிராவோ!" என்று அழுதார். நானும் யாரையோ தூக்கிச் சுற்றினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று நினைவில்லை. அப்புறம்தான் திரையில் ஸ்டம்ப் சாய்ந்தது.

"மெர்து" என்றார் தனிஸ்லாஸ், இந்தத் தடவை மெதுவாக.

"ஃபிராடு!" என்று முதலில் கத்தியவன் சிலம்பரசன். அரிகிருஷ்ணன், மறுநாள் வேறொரு விழாவுக்குத் தேவைப்படும் என்று பொன்னாடையை உருவிக்கொண்டார். அரியாங்குப்பத்துக்காரர் ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டார். இன்னும் சரியாகப் பேச்சு வராத ஒரு சின்னப் பையன்கூட அவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினான். பலராமன் மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தார்.

கதவருகே கமலா நின்றிருந்தார். இந்தப் பேச்சை அவரேதான் பின்னால் எங்களுக்குச் சொன்னார்.

"நான் தலைய ஆட்டுனது தெரியலியா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் அப்டிச் சொன்னீங்க? உள்ளதச் சொல்லியிருந்தா உங்க பேரு நின்னிருக்கும் இல்ல?"

"நின்னிருக்கும்" என்றார் பலராமன். "எம் பேச்ச இத்தினி பேரு கேட்டு நான் பாத்ததே இல்ல கமலா. கேக்குறவங்ககிட்ட போயி அதயா சொல்றது?"

கமலா அன்று மாவு அரைக்க அனுப்பவில்லை.