பதினோரு மணிக் கட்டம்

வேம்புலி என்று அம்மன் பெயரை வைத்துக்கொண்டு பைபிளைத் தூக்கிக்கொண்டு அலைகிறாரே என்று கம்பெனியில் அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. ஞானஸ்நானம் எடுத்தபோது பாஸ்டர் வேறு பெயர் சொல்லத்தான் செய்தார். ஆதாரில் ஏறிவிட்ட பெயர், இருந்துவிட்டுப் போகட்டும் என்று இவர் விட்டுவிட்டார்.

அம்பத்தூரில் லாரிகளுக்கு புஷ் என்கிற உலோக வளையம் கடைந்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. பதினான்கு வருடமாக அங்கே சோதனை மேஜை வேம்புலியுடையது. மணிக்கு ஒருமுறை லேத்திலிருந்து ஐந்து பீஸ் எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, ஷீட்டில் அந்த மணிக்கான கட்டத்தில் எழுத வேண்டும். மற்ற ஷிஃப்டில் இருந்தவர்கள் காலை டீ ஆறுவதற்குள் சாயங்காலம் வரைக்குமான கட்டங்களை நிரப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். வேம்புலி அளந்துதான் எழுதுவார். ஏதாவது காரணத்தால் ஒரு மணி தவறிப்போனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்காக வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை.

திருவேற்காட்டில் அவர் போகும் ஜெபவீட்டில், எல்லாரும் எழுந்து சாட்சி சொல்லும்போது இவருக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலிக் கட்டம்தான் தனக்குச் சொல்லத் தெரிந்த சாட்சி என்று மனைவி எல்லம்மாவிடம் சொல்லுவார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும். இருந்தால் என்ன, மனுஷன்தானே.

அந்தச் சாட்சியை ஒருவன் கவனித்துக்கொண்டே இருந்தான். லேத் ஓட்டும் பாண்டியன். முதலில் அவன்தான் "பாஸ்டரே" என்று அதிகம் ஓட்டியவன். பிறகு ஓட்டுவது குறைந்தது. ஒரு திங்கட்கிழமை தானாகவே வந்து, இந்த ஞாயிறு ஜெபவீட்டுக்கு நானும் வரட்டுமா என்று கேட்டான். வேம்புலி அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் ஜெபித்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமைதான் எல்லாம் நடந்தது. எல்லம்மா நசரத்பேட்டை பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று யாரோ போன் செய்தார்கள். உள்ளே போன் பேசக் கூடாது. கேட்டுக்கு வெளியே நின்று, போன் செய்தவரிடமே அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பச் சொல்லி, வீடு சேர்ந்தாள் என்று தெரிந்துகொள்வதற்குள் பதினோரு மணி போய்விட்டது. திரும்பி வந்தால் சூப்பர்வைசர் ஜானகிராமன் மேஜையருகே வியர்த்துக்கொண்டு நிற்கிறார். பீஸ் வாங்கும் கம்பெனி ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்து ஆபீஸில் காபி குடிக்கிறார்களாம். இன்றைக்கு ஒரே ஒரு நாள் அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டாம் என்று கெஞ்சினார்.

திட்டியிருந்தால் வேம்புலி அசைந்திருக்க மாட்டார். கெஞ்சியதுதான் வினையாகப் போயிற்று. மனசெல்லாம் எல்லம்மாவிடம் இருந்தது. ஒன்பது மணி ரீடிங்கையும் பத்து மணி ரீடிங்கையும் பார்த்து, அவற்றோடு பொருந்துகிற மாதிரி ஐந்து எண்களை எழுதினார். வந்தவர்கள் ஷீட்டைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது பாண்டியன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணாத்தே, பதினோரு மணிக்கு நீ கேட்டாண்ட தானே இருந்த?"

"ஆமாம்பா."

"சரி," என்றான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் முதல் வேலையாக ஜானகிராமனிடம் போய், அந்த ரீடிங் பொய், அடித்துவிடுங்கள் என்றார். நகல் நேற்றே வந்தவர்களோடு போய்விட்டது, யார் உன்னைக் கேட்டார்கள் என்று அவர் சிரித்தார். வேம்புலி ஃபைலைத் திறந்து, அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு அடித்து, "அளக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிரிப்பு நின்றது. மதியத்துக்குள் அவரை மேஜையிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள்.

மேஜை போனதற்குக்கூட அவர் வருந்தவில்லை. ஞாயிறு காலை ஜெபவீட்டு வாசலில் நின்று பாண்டியனை எதிர்பார்த்தார். பாட்டு முடிந்து, பிரசங்கம் முடிந்து, ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அவன் வரவில்லை.

திங்கட்கிழமை அவனே பேசினான். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"நீ போய் ஒத்துக்கினது பெரிய விஷயம் அண்ணாத்தே. ஆனா எனக்கு உன் சாமியெல்லாம் தெரியாது. ஒரு ஆளு பொய்யா எழுத மாட்டான்னு நம்பிக்கினு இருந்தேன். அவ்ளோதான்."

அடுத்த வாரம் சோதனை மேஜையைப் பாண்டியனுக்கே கொடுத்தார்கள். பெட்டியில் பீஸ்களுக்கு மேல் வைக்க வேண்டிய முந்தின நாள் ஷீட்டைக் கேட்டு வேம்புலி காலை ஒன்பது மணிக்குப் போனார். மேஜையில் விரிந்திருந்த அன்றைய ஷீட்டில் சாயங்காலம் ஐந்து மணி வரைக்குமான கட்டங்கள் அப்போதே நிறைந்திருந்தன.

"பாண்டி, அளந்து எழுதுப்பா."

அவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கேட்ட ஷீட்டை மடித்து அவர் கையில் கொடுத்தான்.